அக்கா, என் கலர் எங்கே?

சென்ற ஆண்டு ஏப்ரல், தமிழ் மொழி விழா மாதம். ஒரு சனிக்கிழமை இரவு, பள்ளி அரங்கு ஒன்றில் நடந்த நாட்டிய நிகழ்ச்சியைப் படமெடுத்தேன். வீடு திரும்பியதும் 742 படங்களைக் கணினியில் ஏற்றினேன். கண் மூடியவை, கை கலங்கியவை, யாரோ ஒருவரின் பின்னந்தலை மறைத்தவை எல்லாவற்றையும் ஒதுக்கி 90 படங்களைத் தேர்ந்தெடுத்தேன். அவற்றைத் திருத்தி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியபோது அதிகாலை மணி இரண்டரை.

காலையில் எழுந்து பார்த்தால் இதயங்கள், கைதட்டல்கள், நன்றிகள். அவற்றுக்கு நடுவே உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி.

"போட்டோ சூப்பர் அக்கா. ஆனா என் கலர் எங்க போச்சு?"

பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, அந்தப் படத்தைத் திறந்தேன். அரைமண்டியில் நிற்கிறாள். கண் நேராக என்னைப் பார்க்கிறது. விரல் நுனிச் சிவப்புவரை எல்லாம் தெளிவு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று இரவில் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

ஆனால் மேடையில் நான் பார்த்த முகம் அதுவல்ல. மேடையில் இருந்தவள் நல்ல கறுப்பு. விளக்கு பட்ட இடமெல்லாம் மின்னிய முகம். படத்தில் இருந்தவள் சந்தனம் பூசியவள்போல் இருந்தாள். கூர்ந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவள் காலடியில் இருந்த மேடையின் மரத்தரையும் வெளுத்திருந்தது. அது வெளிச்சத்தின் வேலை இல்லை. என் வேலை.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாக எல்லாருடைய படத்திலும் கேட்காமலேயே அதைச் செய்துவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூஞ்சையும் பனியும் மாமாக்களும்

நான் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்ல. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாதாரண நிலைத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பெனின்சுலா பிளாசாவுக்குப் போய், இன்னொருவர் பயன்படுத்திய ஒரு கேமராவையும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். தொடக்கக்கல்லூரியில் நிகழ்ச்சிகளைப் படமெடுக்க ஆரம்பித்தேன். அதன்பின் தெரிந்தவர்கள் அழைத்தார்கள், தெரியாதவர்களும் அழைத்தார்கள்.

கேமரா வாங்கினால் படம் வந்துவிடும் என்று நினைத்தேன். வந்ததென்னவோ பூஞ்சைதான்.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அது தெரியாமல் லென்ஸை அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் மெல்லிய நூல்கள். இப்போது காற்றுப் புகாத நெகிழிப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு, அதில் வைக்கிறேன். மானி 40க்கும் 50க்கும் இடையே காட்டினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

அடுத்தது பனி. குளிரூட்டப்பட்ட ரயிலிலிருந்து இறங்கித் தேக்காவின் வெயிலில் கேமராவை எடுத்த அடுத்த நொடி லென்ஸ் முழுவதும் வெண்மையாகப் பனி படரும். துடைத்தால் மறுபடி படரும். பைக்குள்ளேயே வைத்துக் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் கேமரா வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நல்ல காட்சி எல்லாம் கடந்துபோகும்.

வெளிச்சமும் நம்மிடம் கஞ்சத்தனம் காட்டுகிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இங்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. சூரியன் சட்டென்று செங்குத்தாக ஏறும், அதேபோல் இறங்கும். புகைப்படக்காரர்கள் கொண்டாடும் அந்தப் பொன்னிற மாலை வெளிச்சம் இங்கு வந்த வேகத்தில் போய்விடும். நண்பகலில் எடுத்தால் கண்களுக்குக் கீழே குழி விழும்.

பிறகு மனிதர்கள். தாலி கட்டும் நொடிக்காக ஒரு மணி நேரம் முழங்காலிட்டுக் காத்திருப்பேன். கெட்டிமேளம் முழங்கும்போது சரியாக ஒரு மாமா தன் கைக்கணினியை இரு கைகளாலும் உயர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நிற்பார். அவரைச் சுற்றி ஓடி, துளையை முழுவதும் திறந்து, அவசரத்தில் எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் காது மட்டும் கூர்மையாக இருக்கும். எஃப் 1.8 என்ற அளவில் அருகில் நின்று எடுத்தால், தெளிவாகத் தெரியும் பகுதி சில சென்டிமீட்டர்தான். அந்தச் சில சென்டிமீட்டர் முகத்தில் விழ வேண்டும். எனக்குப் பலமுறை காதில் விழுந்திருக்கிறது.

படம் தப்பினால் "என்னம்மா, இவ்வளவு பெரிய கேமரா வெச்சிருக்க" என்பார்கள். நன்றாக வந்தால் "நல்ல கேமரா" என்பார்கள்.

இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். சிரித்துவிட்டுப் போகலாம். என்னால் சிரிக்க முடியாத ஒரு குறையும் வந்துகொண்டே இருந்தது.

"இருட்டா இருக்கு"

முதல் ஆண்டில் நான் யாருக்குப் படம் அனுப்பினாலும் வந்த பதில் இது. "நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் இருட்டா இருக்கு." கோயில் நிகழ்ச்சிப் படங்களில் ஆண்களின் வேட்டி சாம்பல் நிறமாகவும் அவர்களின் முகம் நிழலாகவும் விழும். எனக்குக் காரணம் புரியவில்லை. கேமராதான் தானாகவே கணக்குப் போடுகிறதே?

அந்தக் கணக்கில்தான் சிக்கல் என்று பின்னர் தெரிந்தது. கேமராவின் ஒளிமானிக்கு வேட்டி எது, முகம் எது என்று தெரியாது. தன் முன்னால் இருப்பதை எல்லாம் சேர்த்துக் கலக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் கிடைக்கும் என்ற எண்ணத்தில் அது இயங்குகிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் புகைப்படக்காரர்கள் அளவுகோலாக வைத்திருப்பது இதனால்தான். பத்துப் பேர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றால், "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா" என்று கேமரா படத்தையே இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும். ஏற்கெனவே கறுப்பாக உள்ள முகங்கள் காணாமல் போகும். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்கின்றன. என்னுடையது அவ்வளவு கெட்டிக்காரக் கருவி இல்லை.

இதைப் புரிந்துகொண்டு சரிசெய்ய நேரம் பிடிக்கும். எனக்கு அதைவிடச் சுலபமான வழி ஒன்று கிடைத்தது.

படம் திருத்தும் லைட்ரூம் செயலியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒளிர்வைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மனிதத் தோல், யாருடையதாக இருந்தாலும், பெரும்பாலும் ஆரஞ்சு என்ற நிறப்பிரிவில்தான் அடங்குகிறது. ஆரஞ்சின் ஒளிர்வைக் கூட்டினால் போதும், முகங்கள் எல்லாம் வெளுத்துவிடும். பத்து வினாடி வேலை. அதை ஒரு முன்னமைப்பாகச் சேமித்து, "நிகழ்ச்சி" என்று பெயரும் வைத்துக்கொண்டேன். அதன்பின் எல்லாப் படத்துக்கும் ஒரே அழுத்தம்.

"இருட்டா இருக்கு" என்ற பேச்சு நின்றது. "நீ எடுத்தா எல்லாரும் பளிச்சுனு இருக்காங்கம்மா" என்ற பேச்சு வந்தது. அழைப்புகளும் கூடின. அந்தப் பாராட்டின் மேல்தான் இரண்டு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தேன்.

மரத்தரையும் ஆரஞ்சு நிறப்பிரிவில் அடங்கும். அதனால்தான் அந்த மேடை வெளுத்திருந்தது.

நானும் அதே நிறம்

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாலையில் அந்த மாணவிக்குத் தனியாகச் செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். திருத்தும்போது நேர்ந்த தவறு, வேறு படம் அனுப்புகிறேன் என்றேன். அவள் அனுப்பிய பதில் இது.

"பரவால்லக்கா. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. நீங்களும் என்ன மாதிரிதானே, அதான் கேட்டேன்."

உண்மைதான். நானும் அவள் நிறம்தான்.

இதுவரை எழுதாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். என் உயர்நிலைப்பள்ளி வகுப்புப் படத்தில் மூன்றாவது வரிசையில் ஓரமாக நிற்கிறேன். அரங்கின் வெளிச்சம் நடுவில் இருந்த முகங்களுக்குச் சரியாக இருந்தது. என் இடத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. வகுப்பில் ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குப் படக்கலை பிடிக்கும் என்று எல்லாரிடமும் சொல்வேன், அது பொய்யில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்பவள் படத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது.

நம் பேச்சுவழக்கை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். "பொண்ணு நல்ல கலர்" என்றால் வெளுப்பு என்று பொருள். "கலர் கொஞ்சம் கம்மி" என்றால் கறுப்பு. கறுப்பாக இருப்பவருக்கு நிறமே குறைவாகக் கிடைத்திருப்பதுபோல் பேசுகிறோம். என் பாட்டி "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே சிறுவயதில் எனக்குக் கடலைமாவு பூசிவிடுவார். இரண்டையும் அன்போடுதான் செய்தார்.

அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணோ "என் கலர் எங்க போச்சு" என்று கேட்டபோது, தன் கறுப்பைக் கலர் என்று சொன்னாள். வெளுத்த படத்தில் கலர் கூடியிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. குறைந்துபோனதாகத் தோன்றியது. அந்தச் சொல்லை நான் அதுவரை அப்படிப் பயன்படுத்தியதே இல்லை.

அட்டையில் இருந்த முகம்

குற்றவுணர்வில் நிறையப் படித்தேன். இந்தச் சிக்கல் என் கேமராவோடு தொடங்கியதில்லை என்று தெரிந்தது.

பிலிம் காலத்தில், படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு கோடாக் நிறுவனம் ஓர் ஒப்பீட்டு அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவர் முகத்தின் நிறம் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருத்தினால், மற்ற எல்லாருக்கும் சரியாக வரும் என்பது கணக்கு. முதல் அட்டையில் இருந்த பெண்ணின் பெயரால் அதை "ஷெர்லி அட்டை" என்றே அழைத்தார்கள். பின்னர் பெண்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. நம் தாத்தா பாட்டியின் பழைய வண்ணப் படங்களில் முகங்கள் அடர்ந்து விவரமில்லாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். கோடாக்கில் வேலை செய்தவர்களிடம் அவர் பேசியபோது தெரியவந்த ஒரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பழுப்பு நிறங்களின் நுட்பமான வேறுபாடுகள் பிலிமில் சரியாகப் பதியவில்லை என்று அந்நிறுவனத்திடம் வலுவாகக் குறைகூறியவர்களில் மர அறைகலன் செய்வோரும் சாக்லெட் செய்வோரும் இருந்தார்கள். தேக்குக்கும் வேறு மரத்துக்கும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை, கறுப்புச் சாக்லெட்டும் பால் சாக்லெட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்பது அவர்கள் கவலை. பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது.

இப்போது நிலைமை மாறிவருகிறது. 2021இல் கூகல் தன் பிக்சல் 6 கைப்பேசியில் "ரியல் டோன்" என்ற வசதியைக் கொண்டுவந்தது. கறுத்த நிறத்தவரின் முகம் அதன் இயல்பான நிறத்தில் பதிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய, பத்து நிறங்கள் கொண்ட தோல்நிற அளவுகோலை 2022இல் அதே நிறுவனம் எல்லாரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டது.

வரலாற்றைத் தெரிந்துகொண்டது நல்லதுதான். ஆனால் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியவில்லை. என் கேமரா அவள் முகத்தை இருட்டாகப் பதிவுசெய்தது. வெளுக்க வைத்தது நான்.

வெளிச்சம் தேடியது

முன்னமைப்பை நீக்கிவிட்டு அந்தப் படத்தின் மூலக் கோப்பைத் திறந்தேன். அவள் நிறம் திரும்பி வந்தது. முகத்தின் பாதி நிழலில் மூழ்கியது. இரண்டில் எதையும் அனுப்ப மனமில்லை. பல மணி நேரம் போராடி, முகத்தின் நிழலை மட்டும் மெல்லத் தூக்கி, நிறத்தைத் தொடாமல், ஒருவழியாக ஒரு படத்தைச் சரிசெய்து அனுப்பினேன். மீதமிருந்த 89ஐ என்ன செய்வது? படம் எடுத்த பிறகு திருத்துவதில் பயனில்லை, எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

விடுமுறையில் என் தம்பியைச் சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு மைலோ என்று ஒப்பந்தம். கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, முகத்தை அளக்க வேண்டும், காட்சியை அல்ல. கைப்பேசியில் முகத்தைத் தொட்டால் அந்த இடத்துக்கு ஏற்ப வெளிச்சம் மாறும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை திருத்தலாம். வெள்ளை உடைக் கூட்டம் என்றால் கூட்ட வேண்டும். கறுத்த முகம் ஒன்று மட்டும் படத்தை நிறைத்தால், கேமரா அதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது குறைக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி எனக்கு வெகுநாள் தெரியாது. கறுப்பு என்றாலே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது, கறுத்த தோலின் அழகு பெரும்பாலும் அதன் மேல் விழுந்து தெறிக்கும் ஒளியில் இருக்கிறது. கன்ன எலும்பிலும் மூக்கின் மேலும் தோள்பட்டையிலும் அந்த மினுமினுப்புதான் முகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. ஒளி வரும் இடம் பெரிதாகவும் மென்மையாகவும் இருந்தால் அது மெல்லப் படரும். சன்னல், வெள்ளைச் சுவர், நம் வீவக புளோக்கின் நடைபாதை, மேகம் மூடிய வானம் எல்லாம் நல்ல விளக்குகள். முகத்துக்கு நேராக அடிக்கும் சிறிய மின்வெட்டு விளக்கோ வியர்வைத் துளிகளை வெள்ளைப் புள்ளிகளாக்கிவிடும். அதை மேற்கூரைப் பக்கம் திருப்பி அடித்தால் கூரையே விளக்காகிவிடும்.

மூன்றாவது, எங்கே நிற்க வைக்கிறோம் என்பது. பல நிறத்தவர் சேர்ந்து நிற்கும் குழுப்படத்தில், கறுத்தவர் வெளிச்சம் குறைந்த ஓரத்தில் நிற்கக்கூடாது. அவரை ஒளிக்கு அருகில் அழைக்க வேண்டும். என் வகுப்புப் படத்தை எடுத்தவர் என்னை நான்கு அடி நகர்த்தியிருந்தால் போதும். அவருக்கு அது தோன்றவில்லை. அவரைக் கோபிக்க எனக்கு இப்போது உரிமை இல்லை. நானும் எத்தனை பேரை ஓரத்தில் விட்டிருக்கிறேனோ.

நான்காவது, கேட்பது. நம் மேடைகளில் நீல விளக்குமீது ஒரு காதல். நம் தோல் சிவப்பு ஒளியை அதிகமாகவும் நீல ஒளியைக் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. மேடை முழுக்க நீலம் என்றால் கறுத்த முகம் இன்னும் கறுத்து, விவரம் எல்லாம் மறைந்துவிடும். அரக்குப் பட்டுகூடக் கறுப்பாகிவிடும். எந்தத் திருத்தச் செயலியாலும் பதியாத ஒளியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. விளக்குப் பொறுப்பாளரிடம் முன்பே போய், "அண்ணே, முன்பக்கம் கொஞ்சம் இளமஞ்சள் வெள்ளை விளக்கு போட முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் போடுகிறார். இரண்டு ஆண்டுகளாகக் கேட்கக் கூச்சப்பட்டேன். படத்தை மாற்றுவதற்குக் கூச்சப்படவில்லை.

அவர் முகம், அவர் முடிவு

இதன்பின் எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான்.

சென்ற டிசம்பரில் என் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்காவை வரவேற்பறைச் சன்னல் ஓரம் நிற்க வைத்து, நான் கற்ற அனைத்தையும் பயன்படுத்தி எடுத்தேன். மூக்குத்தியின் ஒளிகூடக் கன்னத்தில் தெரிந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று மறுபடியும் நினைத்தேன். அக்கா பார்த்தார். "நல்லா இருக்குடி. கொஞ்சம் கலர் ஏத்திவிடு" என்றார்.

அக்காவிடம் நீல விளக்கு, ஷெர்லி அட்டை, சாக்லெட் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரி. இந்தப் படம் அவங்க வீட்டு குரூப்புக்குப் போகும். அங்க யாரு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு விதமாகவும் படத்தைக் கொடுத்தேன். அவர் வெளுத்ததை அனுப்பினார்.

அது அவர் முகம். அதோடு வாழ்பவர், அதற்காகக் கேட்கப்படும் பேச்சுகளைத் தாங்குபவர் அவர்தான். என் கொள்கைக்காக அவர் சண்டை போட வேண்டும் என்று நான் கேட்க முடியாது. ஆனால் இப்போது எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் நல்ல வெளிச்சத்தில், உள்ளபடியே எடுத்துக் காட்டுவேன். கேட்காமல் யாருடைய நிறத்தையும் தொடமாட்டேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கேட்டால், செய்வதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பேசுவேன். "நிகழ்ச்சி" என்ற அந்த முன்னமைப்பை அழித்துவிட்டேன்.

மறுபடியும் "இருட்டா இருக்கு" என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சில நேரம் அவர்கள் சொல்வது சரி. வெளிச்சத்தை நான் தவறவிட்டிருப்பேன். சில நேரம் படம் இருட்டாக இருக்காது, முகம்தான் கறுப்பாக இருக்கும். எது எது என்று பிரித்தறிய இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு ஏப்ரல்

இவ்வாண்டு அந்த மாணவிகள் மறுபடி ஆடினார்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் விளக்குப் பொறுப்பாளரிடம் பேசினேன். நீலத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், பின்பக்கம் மட்டும் நீலம் என்று சமாதானத்துக்கு வந்தார். அன்று 600 படங்களுக்கு மேல் எடுத்தேன். மிக உயரமாக ஒருத்தி துள்ளிய நொடியில் பின்திரையின் மடிப்புதான் கூர்மையாகப் பதிந்தது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மேடை ஏறுவதற்கு முன், மாலை ஆறரை மணி வாக்கில், அரங்குக்கு வெளியே இருந்த நடைபாதையில் அந்த மாணவியைப் பார்த்தேன். இப்போது உயர்நிலை நான்கு. ஒரு பக்கம் மேக வெளிச்சம், மறுபக்கம் வெள்ளைச் சுவர். "ஒரு நிமிஷம் அப்படியே நில்லு" என்றேன். எடுத்தேன். கேமராவின் சிறிய திரையில் காட்டினேன். நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன்.

"அய்யோ அக்கா, கண்ண மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்க."

இன்னொன்று எடுத்தேன். அதில் கண் திறந்திருந்தது. பிறகு அவள் கேமராவைக் கேட்டாள். "நீங்க ஒரு போட்டோலகூட இருக்க மாட்டீங்களே. நில்லுங்க, நான் எடுக்கறேன்."

எப்போதும் சொல்லும் சாக்குகளைச் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நின்றேன். துளையை நான் முழுவதும் திறந்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், முகம் முழுவதும் மெல்லக் கலங்கியிருக்க, என் இடது காது மட்டும் மிகக் கூர்மையாக இருந்தது.

நிறம் சரியாக இருந்தது. அதை எதுவும் செய்யாமல் அப்படியே அம்மாவுக்கு அனுப்பினேன்.